வருமுன் காத்த பொறியாளர்

அரசர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். புலவர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். ஆனால் நாள்தோறும் நாம் நடந்து செல்லும் சாலைக்கும், கடந்து செல்லும் பாலத்துக்கும் பின்னால் நிற்கும் மனிதர்களைப் பற்றி நினைத்துப் பார்ப்பதில்லை. வரலாற்றை முதன்மைப் பாடமாகப் பயிலும் நானும் அவ்வாறே இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பேருந்துப் பயணம்.

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்காகக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் சிமெண்டுச் சாலையின் பாளம் ஒன்று வெடித்துப் போனதால் அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் காங்கிரீட் போட்டிருந்தார்கள். சாலையின் ஒரு பாதி முழுவதும் அடைப்பு. புதிய காங்கிரீட்டின்மேல் ஈரச் சாக்குகள் விரிக்கப்பட்டிருந்தன. மறுபாதி வழியே இரு திசை வண்டிகளும் மாறி மாறிச் சென்றதால் எங்கள் பேருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றது. வெயில் ஏற ஏறப் பயணிகளின் பொறுமை குறைந்தது. சாக்கை நனைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களை அவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனெனில் என் தந்தையும் அத்தொழிலாளர்களுள் ஒருவர். அன்று அவர் வேறொரு சாலையில் இதே போன்ற சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு, வேலையை விரைவாக முடிக்க முடியாதா என்று அவரிடம் கேட்டேன். காங்கிரீட்டை யாரும் அவசரப்படுத்த முடியாது என்றார் அவர். ஊற்றியவுடன் அது கல்லாகிவிடாது. தண்ணீர் காட்டி, வெயில் படாமல் மூடி, நாள்கணக்கில் காத்திருந்தால்தான் பலம் ஏறும். அப்படியானால் உறைக்கிணற்றுக்கு உறைகளை வேறோர் இடத்தில் வார்த்து, ஆறவைத்து, வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறோமே, சாலையையும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டேன். தந்தை சற்று யோசித்தார். உறை கிணற்றுக்குள் பேசாமல் நிற்கிறது, சாலைப் பாளமோ லாரிச் சக்கரத்தின் அடியில் கிடக்கிறது என்றார். அவ்வளவு பெரிய பாளத்தைத் தூக்கும்போதே நடுவில் விரிசல் விடுமே, விரிசல் விடாமல் செய்ய வழி உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லி, நூலகத்துக்குப் போ என்றார். அப்பெயர்தான் யூஜீன் பிரெசினே. என் தந்தை கேட்ட அதே கேள்விக்கு வாழ்நாள் முழுவதையும் விடையாகக் கொடுத்த பிரெஞ்சுப் பொறியாளர் அவர்.

இளமை

பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் கோரேஸ் என்னும் மாவட்டம் உண்டு. மேடும் பள்ளமுமான நிலம், கடின உழைப்பாளிகளான மக்கள். அங்கே ஒப்ஜா என்ற சிற்றூரில் 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள் பிரெசினே பிறந்தார். அவருடைய முன்னோர் உழவர்களும் கைவினைஞர்களும் ஆவர். கிடைத்த மரத்தையும் கல்லையும் கொண்டு, குறைந்த செலவில், தம் கையாலேயே எதையும் செய்துகொள்ளும் இனம் அது. அந்தப் பரம்பரையைப் பற்றி அவர் இறுதிவரை பெருமை கொண்டிருந்தார். பட்டங்களைவிடக் கைப்பழக்கத்தையே அவர் பெரிதாக மதித்தார்.

சிறு வயதிலேயே குடும்பம் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்தது. பிரான்சின் புகழ்மிக்க பாலிடெக்னிக் கல்லூரியில் சேர முதன்முறை முயன்றபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தோல்வியால் துவண்டுவிடாமல் மறு ஆண்டே மீண்டும் எழுதி வென்றார். பின்னர்ப் பாலங்கள், சாலைகளுக்கென்றே 1747-இல் தொடங்கப்பட்ட பொறியியல் பள்ளியில் பயின்றார். அங்கே ரபூ என்னும் ஆசிரியர் காங்கிரீட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். பாரம் வந்த பிறகு வருந்துவதைவிட, பாரம் வருமுன்னரே காங்கிரீட்டை அழுத்தி வைத்தால் என்ன என்ற எண்ணத்தின் விதை இளம் பிரெசினேயின் உள்ளத்தில் விழுந்தது அவ்வகுப்பறையில்தான். அது மரமாக இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

ஒன்றின் விலையில் மூன்று

1905-இல் படிப்பை முடித்த அவர், மூலான் என்னும் நகரில் அரசுப் பொறியாளராக அமர்த்தப்பட்டார். அலியே ஆற்றின்மேல் மூன்று பாலங்கள் தேவைப்பட்ட காலம் அது. கல்லால் கட்டினால் செலவு மலைபோல் ஆகும். பிரெசினே காங்கிரீட் வளைவுகளால் ஒரு திட்டம் வரைந்தார். மெர்சியே என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் அதைக் கண்டு வியந்து, ஒரு பாலத்துக்கு மதிப்பிட்ட தொகையிலேயே மூன்று பாலங்களையும் கட்டித் தருவதாகத் தாமே பொறுப்பேற்றார். முப்பது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரின் கணக்கை நம்பி ஒருவர் தம் செல்வத்தையே பணயம் வைத்தார்.

அந்த நம்பிக்கையை வீணாக்க பிரெசினே விரும்பவில்லை. முதலில் மூலானில் 50 மீட்டர் அகலத்துக்கு ஒரு சோதனை வளைவைக் கட்டினார். வளைவு தன் இரு கால்களையும் வெளியே தள்ளும் அல்லவா? அது விலகாதபடி இரு கால்களையும் தரைக்கடியில் ஒரு காங்கிரீட் கட்டால் பிணைத்து, அக்கட்டினுள் எஃகுக் கம்பிகளைச் சுமார் 2,500 டன் விசையோடு இழுத்துக் கட்டினார். இழுக்கப்பட்ட கம்பி சுருங்க முயன்று காங்கிரீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வகுப்பறையில் விழுந்த விதை முதன்முதலாக முளைவிட்டது அங்கேதான்.

சந்தை நாளில் நடந்த செப்பம்

மூன்று பாலங்களுள் லெ வெர்த் பாலம் முக்கியமானது. அதன் நடுக்கண் சுமார் 72 மீட்டர். வளைவு மிகவும் தட்டையானது. சோதனைப் பாரத்தை ஏற்றிப் பார்த்தார்கள், பாலம் அசையவில்லை. ஊரார் மகிழ்ந்தனர். பாலம் திறக்கப்பட்டது.

சில திங்கள் கழிந்தன. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நேராக இல்லை என்பதை 1911-இல் பிரெசினேயின் கூரிய கண் கண்டுகொண்டது. வளைவின் உச்சி மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தார். இறக்கம் கூடிக்கொண்டே போய் ஏறத்தாழ 13 சென்டிமீட்டரை எட்டியது. அக்கால விதி நூல்களின்படி, இறுகிவிட்ட காங்கிரீட் அதற்குமேல் மாறாது. ஆனால் கண்ணெதிரே பாலம் மாறிக்கொண்டிருந்தது! இன்னும் சிறிது இறங்கினால் வளைவு நொறுங்கி ஆற்றில் விழும். பாலத்தின்மேல் செல்வோர் எத்தனை பேர்? தம்மை நம்பிய மெர்சியேயின் கதி என்ன?

நல்லவேளையாக, கட்டும்போதே வளைவுகளின் உச்சியில் ஜாக்கிகளைப் பொருத்துவதற்கு இடம் விட்டு வைத்திருந்தார் பிரெசினே. சாரத்தைப் பிரிக்கும்போது வளைவை மேலே தூக்கிவிடப் பயன்பட்ட மாடங்கள் அவை. ஒரு நாள் பொழுது புலருமுன்னரே மிதிவண்டியில் ஏறி அவர் பாலத்துக்கு விரைந்தார். மேஸ்திரியையும் நம்பிக்கையான சில ஆட்களையும் எழுப்பி அழைத்துக்கொண்டார். அளவுகோலில் கோடு தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்தவுடன் மூன்று வளைவுகளையும் ஒரே நேரத்தில் உயர்த்தத் தொடங்கினார்கள். அன்று சந்தை நாள். உழவர்களின் வண்டிகள் பாலத்துக்கு வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் வேலையை நிறுத்தி, வண்டிகளை விட்டு, மீண்டும் ஜாக்கியைத் திருகினார்கள். வளைவுகள் பழைய நிலைக்கு ஏறின. உச்சியில் இருந்த இடைவெளியைக் காங்கிரீட்டால் அடைத்தவுடன் பாலம் நிலைத்தது. சந்தைக்குப் போனவர்களில் ஒருவருக்கும் தங்கள் காலுக்கடியில் என்ன நடந்தது என்பது தெரியாது!

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது என் பேருந்துப் பயணம் நினைவுக்கு வந்தது. சாலையை அடைக்காமல், வண்டிகளைத் தடுக்காமல், நோய் கண்ட இடத்தை மட்டும் விரைந்து குணப்படுத்த முடியும் என்பதை நூறாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். தம் வேலையில் குறை இருக்கிறது என்று கண்டவுடன் அதை மறுக்காமல், பிறர் சொல்லும்வரை காத்திராமல், இருட்டோடு இருட்டாக மிதிவண்டியில் கிளம்பினாரே, அந்த நேர்மையை என்னென்பது!

குறையே குருவானது

பாலம் பிழைத்தது. ஆனால் பிரெசினேயின் உள்ளம் அமைதியடையவில்லை. காங்கிரீட் ஏன் இறங்கியது? நெடுநாள் பாரத்தின் கீழ் காங்கிரீட் மிக மெதுவாகச் சுருங்கிக்கொண்டே போகிறது என்ற உண்மை அவருக்குப் புலப்பட்டது. அதைப் பிறர் ஏற்கும்படி மெய்ப்பிக்கப் பல ஆண்டு அளவைகள் தேவைப்பட்டன.

இடையில் முதல் உலகப் போர் வந்தது. அரசுப் பணியை விட்டுக் கட்டட நிறுவனம் ஒன்றில் பொறுப்பேற்ற பிரெசினே, புதுமைகளை அடுக்கடுக்காகப் படைத்தார். ஈரக் காங்கிரீட்டை அதிரவைத்தால் அது செறிவாக இறுகும் என்று கண்டு 1917-இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் ஊரில் தளம் போடும்போது காங்கிரீட்டுக்குள் விட்டு உறுமவிடும் வைப்ரேட்டரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. பாரிசுக்கு அருகே ஓர்லியில் 1921-க்கும் 1923-க்கும் இடையே வான்கப்பல்களுக்காக இரண்டு மாபெரும் கொட்டகைகளைக் கட்டினார். ஒவ்வொன்றும் 300 மீட்டர் நீளம், சுமார் 60 மீட்டர் உயரம். அவை 1944-இல் போர்க்குண்டுகளுக்கு இரையாயின.

பிரெஸ்ட் நகருக்கு அருகே எலோர்ன் ஆற்று முகத்தில் எழுந்த ப்ளூகாஸ்தெல் பாலம் அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. 1930-இல் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு ஏறத்தாழ 180 மீட்டர் அகலமுள்ள மூன்று கண்கள். அந்நாளில் உலகிலேயே பெரிய காங்கிரீட் வளைவுகள் அவை. மூன்று வளைவுகளுக்கும் மூன்று சாரங்கள் கட்டாமல், ஒரே மரச்சாரத்தைக் கட்டி, அதை நீரில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று மூன்று முறையும் பயன்படுத்தினார். ஒரே அச்சில் பல முறை வார்க்கும் சிக்கனம் கோரேஸ் உழவர்களின் பேரனுக்கு இயல்பாகவே வந்தது போலும். அங்கேதான் காங்கிரீட்டின் மெதுவான சுருக்கத்தை அவர் நுணுக்கமாக அளந்து உறுதிப்படுத்தினார்.

வண்டிச் சக்கரமும் முன்தகைவும்

காங்கிரீட் நசுக்கும் விசையை நன்கு தாங்கும். இழுக்கும் விசையைத் தாங்காது. நசுக்கும்போது அதற்குள்ள வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இழுக்கும்போது உண்டு. ஒரு பாளத்தைத் தூக்கினால் அது சற்றே வளையும். வளையும்போது ஒரு புறம் நெருங்கும், மறு புறம் விரியும். விரியும் புறத்தில் வெடிப்பு தோன்றும். என் தந்தை அஞ்சிய விரிசல் இதுதான்.

இதற்கு மருந்து என்ன? பாளத்தை முன்கூட்டியே இரு முனையிலும் இறுக்கி அழுத்தி வைத்துவிட்டால், பின்னால் பாரம் ஏறி அது விரிய முயலும்போது, முதலில் அந்த அழுத்தம் தளரவேண்டும். அழுத்தம் தீரும்வரை வெடிப்புக்கு இடமில்லை. நம் ஊர்க் கொல்லர் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கி மரத்துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும். பிறகு எத்தனை மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் சக்கரம் பிரியாது. பாரம் வருமுன்னரே கொடுத்துவைத்த அழுத்தம் அது. பொறியியலில் இதனை முன்தகைவு என்பர்.

பிரெசினேக்கு முன்பும் சிலர் இதனை முயன்றனர். ஆனால் ஏன் தோற்றனர்? சாதாரணக் கம்பியைப் பாதுகாப்பான அளவுக்கு இழுத்தால் ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக நீளும். காங்கிரீட்டோ காலப்போக்கில் ஏறத்தாழ அதே அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கம்பி தளர்ந்து, அழுத்தம் முழுவதும் காற்றில் கரைந்துவிடுகிறது. லெ வெர்த் பாலத்தில் தம்மை அச்சுறுத்திய அந்தச் சுருக்கத்தை நன்கு அறிந்தவர் பிரெசினே. ஆகவே அவர் மிக உயர்ந்த வலிமையுள்ள எஃகுக் கம்பியைத் தேர்ந்தார். அதை மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கலாம். காங்கிரீட் சுருங்கி ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் நான்கு மில்லிமீட்டர் இழுப்பு மிச்சம் நிற்கும்! சிறுபிள்ளைக்கும் விளங்கும் கழித்தல் கணக்கு. ஆனால் இக்கணக்கைப் போட ஒரு பாலம் விழும் நிலைக்கு வரவேண்டியிருந்தது. அதை மறைக்காமல் ஆராய ஒரு மனிதர் தேவைப்பட்டார். 1928-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், நண்பர் செயாயுடன் சேர்ந்து இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

வறுமையும் வாய்ப்பும்

அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. நல்ல பதவி, கைநிறைய வருவாய், உலகப் புகழ் எல்லாம் இருந்தன. அவருடைய நிறுவனத்தாருக்குப் புதிய முறையில் நம்பிக்கை வரவில்லை. பிரெசினே பதவியைத் துறந்தார்; தம் சேமிப்பைப் புதிய முயற்சியில் போட்டார். மோந்தார்ஜி என்னும் ஊரில் மின்கம்பங்களை முன்தகைவு முறையில் வார்க்கும் ஆலை நடந்தது. சுவர் மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருந்தும் உறுதி மிகுந்த கம்பங்கள் அவை. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்து சேர்ந்தது. கம்பங்களை வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளில் அவருடைய செல்வம் கரைந்தது. ஐம்பதைக் கடந்த வயதில், வேலையுமின்றிப் பணமுமின்றி நின்றார்.

வாய்ப்பு ஒரு விபத்தின் வடிவில் வந்தது. லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பெரும் கப்பல்களுக்காகக் கட்டிய பயணியர் நிலையம் சேற்று மண்ணில் மூழ்கத் தொடங்கியது. திங்களுக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்த கட்டடத்தைக் காக்க வழி தெரியாமல் அனைவரும் கைபிசைந்து நின்றனர். 1934-இல் பிரெசினேயை அழைத்தனர். கட்டடத்தின் அடியிலேயே காங்கிரீட் தூண்களைத் துண்டு துண்டாக வார்த்து, நீராவியால் சூடேற்றிச் சில மணி நேரத்தில் கெட்டிப்படுத்தி, கம்பிகளால் இறுக்கி, ஜாக்கியால் மண்ணுக்குள் அழுத்தி இறக்கினார் அவர். தூண்கள் கெட்டி நிலத்தைத் தொட்டன. நிலையம் நின்றது. நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிய காங்கிரீட்டை மணிக்கணக்கில் வேலைக்கு வரவைக்கலாம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. அதன்பின் பிரெசினேயை ஐயுற எவருமில்லை. காம்பனோன் என்னும் தொழிலதிபர் அவருக்குத் துணை நின்றார்.

வார்த்துக் கொண்டுவந்த பாலங்கள், ஓடுதளங்கள்

இரண்டாம் உலகப் போரில் மார்ன் ஆற்றின் பாலங்கள் அழிந்தன. லுசான்சி என்னுமிடத்தில் 1941-இல் தொடங்கிப் போரால் தடைப்பட்டு 1946-இல் முடிந்த பாலம், பிரெசினேயின் முறைக்கு ஓர் உரைகல். 55 மீட்டர் நீளக் கண் கொண்ட அப்பாலத்தை ஆற்றின்மேல் வார்க்கவில்லை. கரையில் துண்டுகளாக வார்த்து, நன்கு இறுகிய பின் எடுத்துவந்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பிகளால் இறுக்கினர். தொடர்ந்து அதே ஆற்றில் ஒவ்வொன்றும் 74 மீட்டர் நீளக் கண் கொண்ட ஐந்து பாலங்களை ஒரே அச்சுகளைக் கொண்டு வார்த்த துண்டுகளால் எழுப்பினார். 1950-க்குள் ஐந்தும் முடிந்தன.

அவர் பார்வை பாலத்தோடு நிற்கவில்லை, தரைக்கும் இறங்கியது. முன்பு அவருடைய வான்கப்பல் கொட்டகைகள் நின்ற அதே ஓர்லியில், 1946-இல் விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியை முன்தகைவு முறையில் அமைத்தார். நீளம் 400 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 60 மீட்டர், கனம் சுமார் 16 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் சதுரமான பாளங்களை முன்னரே வார்த்துப் பரப்பினார். பரப்பைச் சாய்வான இணைப்புகளால் முக்கோணங்களாகப் பிரித்து, குறுக்கே மட்டும் கம்பிகளை இழுத்து இறுக்கினார். மரத்தைப் பிளக்க நாம் அடிக்கும் ஆப்பு எப்படிப் பக்கவாட்டில் தள்ளுகிறதோ, அப்படியே முக்கோணங்கள் ஒன்றையொன்று தள்ளி, ஓடுதளம் நெடுக்கிலும் தானே இறுகிக்கொண்டது. குறுக்கே கொடுத்த ஒரே இழுப்பு இரு திசைக்கும் காவலாயிற்று! வேறிடத்தில் வார்த்து, கொண்டுவந்து பரப்பி, இறுக்கிய தளம் அது. என் தந்தையின் கேள்விக்கு நேரான விடையை நான் கண்டது இந்தப் பக்கத்தில்தான்.

வெனிசுவேலா நாட்டில் தலைநகர் காரகாசையும் லா குவைராத் துறைமுகத்தையும் இணைக்கும் சாலையில் 1953-இல் முடிந்த மலைப்பாலங்களும், லூர்து நகரில் 1958-இல் திறக்கப்பட்ட நிலத்தடிப் பேராலயமும் அவருடைய முதுமைக் காலப் படைப்புகள். 1952-இல் உலக முன்தகைவுக் கூட்டமைப்பு உருவானபோது அவரே முதல் தலைவரானார். 1962-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

நம் நாட்டிலும் நெடுஞ்சாலையிலும்

அவர் வாழ்ந்த காலத்திலேயே அக்கலை நம் மண்ணுக்கும் வந்துவிட்டது. செங்கற்பட்டுக்கு அருகே பாலாற்றின்மேல் 1954-இல் எழுந்த சாலைப் பாலம், இந்தியாவின் தொடக்ககால முன்தகைவுப் பாலங்களுள் ஒன்று.

ஓர்லி ஓடுதளத்தில் தொடங்கிய எண்ணம் நெடுஞ்சாலையில் பரவ நீண்ட காலம் ஆயிற்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் நகருக்கு அருகே 2001, 2002 ஆண்டுகளில் ஏறத்தாழ 700 மீட்டர் நீளச் சாலையை முன்தகைவுப் பாளங்களால் அமைத்துப் பார்த்தனர். பாளத்தின் கனம் 20 சென்டிமீட்டர். சாதாரண முறையில் போட்டிருந்தால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் கனம் தேவைப்பட்டிருக்கும். நியூயார்க் மாநிலத்தில் டாப்பன் சீ பாலத்தின் சுங்கச்சாவடித் தளத்தை 2001-இல் இரவு வேளைகளில் மட்டும் முன்வார்ப்புப் பாளங்களால் புதுப்பித்தனர். பகலில் வண்டிகள் வழக்கம்போல் ஓடின.

பழுதுபார்க்கும் முறை இதுதான். வெடித்த பாளத்தின் அளவைத் துல்லியமாக எடுத்துப் பட்டறையில் அதே அளவுக்குப் புதிய பாளத்தை வார்த்து, வேண்டிய நாள்கள் நீரில் ஆற்றி, தயாராக வைத்துக்கொள்வார்கள். இரவு போக்குவரத்து குறைந்ததும் பழைய பாளத்தை அறுத்துக் கிரேனால் தூக்கி அகற்றுவார்கள். அடித்தளத்தைச் சமன் செய்து புதிய பாளத்தை இறக்குவார்கள். பக்கத்துப் பாளத்தோடு அது இணைந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ள, இரண்டுக்கும் இடையே கனத்த எஃகுத் தண்டுகளைப் பொருத்தி, விரைவில் இறுகும் கலவையை ஊற்றுவார்கள். அடியில் வெற்றிடம் இல்லாதவாறு நீர்த்த சிமெண்டுக் கலவையைச் செலுத்துவார்கள். அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாளமும் ஆடி உடையும். ஆகையால் கைத்திறன் இங்கும் தேவையே. காலையில் சாலை திறந்துவிடும். தொடக்கத்தில் செலவு கூடுதல்தான். ஆனால் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளின் எரிபொருளையும், மக்கள் இழக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், நெரிசல் மிகுந்த சாலைகளுக்கு இதுவே ஆதாயம்.

நிறைவாக

அலியே ஆற்றின் மூன்று பாலங்களில் இரண்டு இரண்டாம் உலகப் போரில் அழிந்தன. லெ வெர்த் பாலமும் அவற்றுள் ஒன்று. விஷி நகருக்கு அருகே உள்ள பூத்திரோன் பாலம் மட்டும் இன்றும் நிற்கிறது. ஆயினும் அழிந்த அந்தப் பாலம் கற்றுக்கொடுத்த பாடம் உலகின் சாலைகளிலும் பாலங்களிலும் வாழ்கிறது. வெற்றி பெற்ற பாலங்களால் பிரெசினே புகழ் பெற்றார். ஆனால் இறங்கிய பாலத்தால்தான் அவர் அறிஞரானார். குறை கண்ட இடத்திலிருந்து ஓடாமல், அதன் அருகிலேயே அமர்ந்து காரணம் கேட்டவர் அவர்.

இவ்வளவையும் படித்து முடித்த நாளில் தந்தையிடம் கதைபோல் சொன்னேன். சந்தை நாளில் ஜாக்கி திருகிய காட்சியை அவர் மிகவும் ரசித்தார். வண்டிச் சக்கர உவமையைக் கேட்டதும் தம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தலையசைத்தார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். பாளங்களை வார்க்கும் ஆட்கள் எங்கே நின்று வேலை செய்வார்கள், ஓடும் வண்டிகளுக்கு நடுவிலா, பட்டறை நிழலிலா என்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சாலையில் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தபோது வண்டியொன்று உரசிச் சென்றதால் அவர் கை முறிந்தது. நான்கு திங்கள் வீட்டில் வருமானமில்லை. அதை மனத்தில் வைத்தே கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது. வார்ப்பதும் ஆற்றுவதும் பட்டறை நிழலில்தான், சாலையில் சில மணி நேர வேலைதான் என்றேன். அப்படியானால் அது சீக்கிரம் நம் ஊருக்கும் வரட்டும் என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போனார். விடியற்காலையில் அவருக்கு வேலை இருந்தது.

பாரம் வருமுன் பாளத்தைக் காப்பது முன்தகைவு. ஆபத்து வருமுன் அதைப் போடும் மனிதனைக் காப்பதும் அதனோடு சேர்ந்து வருமானால், அந்தப் பிரெஞ்சுப் பொறியாளரின் உழைப்பு முழுப் பயனை எய்தும். அடுத்த முறை சாலையில் பேருந்து நிற்கும்போது, தோழர்களே, சன்னலுக்கு வெளியே ஈரச் சாக்கோடு நிற்பவரை ஒரு கணம் அன்போடு பாருங்கள். அவர் காங்கிரீட்டுக்காகக் காத்திருக்கிறார்.